புரதத்தின் வடிவம் கண்ட பேராசிரியர்

சைபீரியாவில் உள்ள தெனிசோவா குகையில் தோண்டி எடுக்கப்பட்ட எலும்புத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. எது மாட்டினுடையது, எது மானுடையது, எது மனிதருடையது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாத அளவுக்கு அவை சிதைந்திருந்தன. அவற்றுள் 2,000-க்கும் மேற்பட்ட துணுக்குகளிலிருந்து சிறிதளவு புரதத்தைப் பிரித்தெடுத்து, நிறை நிறமாலைமானி என்னும் கருவியில் இட்டு எடை பார்த்தனர் ஆய்வாளர்கள். ஒரே ஒரு துணுக்கு மட்டும் மனித இனத்தைச் சேர்ந்தது எனத் தெரிந்தது. 2016-இல் அந்த முடிவு வெளியானது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதன் மரபணுவை ஆராய்ந்தபோது, நியாண்டர்தால் தாய்க்கும் தெனிசோவன் தந்தைக்கும் பிறந்த ஒரு பெண்ணின் எலும்பு அது என்பது புலனாயிற்று.

அந்த எலும்பை அடையாளம் காட்டிய புரதத்தின் பெயர் கொலாஜன். எலும்பு, தோல், தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தருவது அதுவே. மனித உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் கொலாஜன்தான். அதன் மூலக்கூறு எந்த வடிவில் அமைந்திருக்கிறது என்ற கேள்விக்குச் சரியான விடை முதன்முதலில் கிடைத்த இடம் கேம்பிரிட்ஜ் அன்று, கலிஃபோர்னியாவும் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். விடை கண்டவர் பேராசிரியர் ஜி.என்.ராமச்சந்திரன்.

புரதம் என்றதும் நமக்குப் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வரும். எங்கள் பாலக்கோடு வட்டாரத்து உழவர்கள் மல்பெரி வளர்த்து, புழு வளர்த்து, தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுசெல்லும் கூடுகளின் இழையும் புரதமே. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்படும் தோலும் புரதமே. அமினோ அமிலங்கள் என்னும் சிறு மணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட மாலை என்று புரதத்தைச் சொல்லலாம். மாலையில் எந்த மணி எந்த இடத்தில் இருக்கிறது என்பதும், மாலை எவ்வாறு மடிந்து சுருள்கிறது என்பதுமே அந்தப் புரதத்தின் இயல்பைத் தீர்மானிக்கின்றன. ராமச்சந்திரன் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட்டது இரண்டாவது கேள்விக்காக.

அவர் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். அவருடைய பெயரின் முதல் எழுத்து, திருநெல்வேலி மாவட்டத்துக் கோபாலசமுத்திரத்தைக் குறிக்கும். தந்தை நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணிதத்தின் மீது மகனுக்கு இருந்த பற்று வீட்டிலேயே ஊன்றப்பட்டது. அவர் பிறந்த அதே ஆண்டில்தான், நிறை நிறமாலை வரைவியை உருவாக்கித் தனிமங்களின் ஐசோடோப்புகளைப் பிரித்துக் காட்டியதற்காக ஃபிரான்சிஸ் ஆஸ்டனுக்கு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அணுவை எடை போடும் கலையும் புரதத்தின் வடிவத்தைக் காணும் கலையும் பிற்காலத்தில் ஒரே பொருளில் சந்திக்கும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க இயலாது.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டப்படிப்பை முடித்த ராமச்சந்திரன், 1942-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது மின்பொறியியல் துறையில். அங்கு இயற்பியல் துறையில் இருந்த சர் சி.வி.ராமன் அந்த இளைஞரின் திறனைக் கண்டு தம் துறைக்கு அழைத்துக்கொண்டார். ஒளியியலிலும் படிகவியலிலும் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் உள்ள கேவண்டிஷ் ஆய்வகத்துக்குச் சென்றார். எக்ஸ் கதிரைப் படிகத்தின் ஊடாகச் செலுத்தி, அது சிதறும் பாங்கிலிருந்து படிகத்தின் உள்ளமைப்பைக் கணக்கிடும் முறையில் அங்கு ஆய்வு செய்து, 1949-இல் மற்றொரு முனைவர் பட்டத்துடன் திரும்பினார்.

1952-இல் அவருடைய வாழ்வில் திருப்பம் நேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுத் துறையை நிறுவ விரும்பிய துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார், அதன் தலைமைப் பொறுப்பை ஏற்குமாறு முதலில் ராமனைத்தான் அணுகினார். ராமன் தம் மாணவரைக் காட்டினார். முப்பது வயதுகூட நிறையாத ஒருவரைப் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் அமர்த்துவதற்குத் துணைவேந்தர் தயங்கவில்லை. கருவிகள் வாங்கவும், மாணவர்களைத் தேர்ந்தெடுக்கவும், ஆய்வுப் பொருளைத் தாமே முடிவு செய்யவும் அந்த இளைஞருக்கு உரிமை வழங்கப்பட்டது.

அந்த ஆண்டே ஆங்கிலேய அறிவியலர் ஜே.டி.பெர்னல் சென்னைக்கு வந்தார். கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்காத புதிராகவே இருக்கிறது என்பதையும், அதுவரை முன்மொழியப்பட்ட மாதிரிகள் எவையும் நிறைவளிக்கவில்லை என்பதையும் உரையாடலில் அவர் தெரிவித்தார். புகழ்பெற்ற லைனஸ் பாலிங்கும் அவருடைய சகாவான கோரியும் 1951-இல் முன்வைத்த மாதிரியும் அவற்றுள் ஒன்று. ராமச்சந்திரனுக்கு அது போதுமானதாக இருந்தது. கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜனே என்பதால், ஆய்வுக்கான மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. உடன் உழைக்கக் கோபிநாத் கர்த்தா என்னும் இளம் ஆய்வாளர் இருந்தார்.

கொலாஜனை வேதியியல் முறையில் பகுத்தால், அதன் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின் எனத் தெரியவரும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசின்; மற்றவற்றுக்கு உள்ள பக்கக் கிளை அதற்குக் கிடையாது, ஒரு ஹைட்ரஜன் அணு மட்டுமே அவ்விடத்தில் இருக்கும். மூன்றில் ஒன்று என்பது வெறும் சராசரி அன்று, மாலையின் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசினாகவே இருக்க வேண்டும் என்று ராமச்சந்திரன் கருதினார். அவ்வாறாயின் அந்த மூன்றாவது மணி மட்டும் மிக நெருக்கடியான ஓர் இடத்தில் பொருந்த வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கடியான இடம் எது? மூன்று மாலைகள் அருகருகே சேரும்போது அவற்றின் நடு அச்சு.

1954-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ராமச்சந்திரனும் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் தங்கள் முச்சுருள் மாதிரியை வெளியிட்டனர். அதில் மூன்று சுருள்களும் நேராக, இணையாக நின்றன. எக்ஸ் கதிர்ப் படத்துடன் அது முழுமையாக ஒத்துப்போகவில்லை என்று உணர்ந்து, 1955 செப்டம்பரில் அதே இதழில் திருத்திய வடிவத்தை அளித்தனர். கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் எளிதில் விளங்கும். ஒவ்வொரு புரியையும் ஒரு திசையில் முறுக்கி, மூன்று புரிகளையும் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் கயிறு பிரியாமல் நிற்கும். கொலாஜனும் அவ்வாறே. ஒவ்வோர் இழையும் இடப்பக்கச் சுருள். மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று சுற்றுவது வலப்பக்கமாக. நம் உடலின் எலும்பும் தோலும் இழுவிசையைத் தாங்கி நிற்பது இந்த முப்புரிக் கயிற்றால்தான்.

அந்த ஆண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜிலிருந்து மறுப்பு வந்தது. டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்து அதற்குள் உலகப் புகழ் பெற்றிருந்த ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் கொலாஜனுக்குத் தங்கள் மாதிரியை வெளியிட்டனர். மூன்று இழைகள் சுருண்டிருக்கின்றன என்னும் அடிப்படை, சென்னை காட்டியதுதான். ஆனால், சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஏற்க முடியாத அளவுக்கு ஒன்றையொன்று நெருங்கியிருப்பதாகவும், இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மும்மணிக்கு இரண்டாக அன்றி ஒன்றாகவே இருக்க முடியும் என்றும் அவர்கள் வாதிட்டனர்.

சென்னையில் இருந்த ஓர் இளம் பேராசிரியருக்கு இது எத்தகைய அடி என்பதை எண்ணிப் பார்க்கலாம். புகழ்பெற்றவர்களின் எதிர்ப்புக்கு அஞ்சி வேறு பொருளுக்குப் போயிருக்கலாம். அல்லது காலனிய மனப்போக்கு என்று பழி கூறி அமைதி அடைந்திருக்கலாம். ராமச்சந்திரன் எழுப்பிக்கொண்ட கேள்வி வேறு: ஒன்றோடொன்று பிணைக்கப்படாத இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்? அதற்கு அன்று யாரிடமும் தெளிவான விடை இல்லை. ஆகவே, அவரும் மாணவர் வி.சசிசேகரனும் அதுவரை வெளியாகியிருந்த அமினோ அமிலப் படிகங்கள், சிறு பெப்டைடு படிகங்கள் ஆகியவற்றின் அளவுகளை ஒவ்வொன்றாகத் திரட்டி, எந்த இணை அணுக்களுக்கு எது குறைந்தபட்ச இடைவெளி என்று பட்டியலிட்டனர்.

அந்தப் பட்டியலிலிருந்து மேலும் ஒரு படி ஏறினார் அவர். புரத மாலையில் ஒவ்வொரு மணியும் இரண்டு இடங்களில் மட்டுமே தடையின்றிச் சுழல முடியும். ஃபை, சை என்னும் இரண்டு கோணங்களால் அந்தச் சுழற்சியைக் குறித்துவிடலாம். ஒரு கோணத்தைப் படுக்கை அச்சிலும் மற்றொன்றைச் செங்குத்து அச்சிலும் வைத்து, ஒவ்வொரு கோண இணைக்கும் அணுக்கள் மோதிக்கொள்கின்றனவா என்று கணக்கிட்டால், எவை இயலும், எவை இயலாது என்பது ஒரே சதுரத்தில் தெரிந்துவிடும். கணினி இல்லாத அந்நாளில் அந்தக் கணக்குகளை மாணவர் சி.ராமகிருஷ்ணன் மேசைக் கணக்குப் பொறியைக் கொண்டு செய்து முடித்தார். சதுரத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலமாக அமைந்தது. அனுமதிக்கப்பட்ட சிறு தீவுகளில்தான் பாலிங் கண்ட ஆல்ஃபா சுருள் உள்ளிட்ட வடிவங்கள் எல்லாம் அடங்கின. மூவரின் கட்டுரை 1963-இல் 'மூலக்கூறு உயிரியல் இதழ்' என்னும் பன்னாட்டு ஏட்டில் வெளியாயிற்று. உலகம் அதை ராமச்சந்திரன் வரைபடம் என்று அழைக்கத் தொடங்கியது.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வரைபடம் பழையதாகவில்லை. ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்ததாகக் கூறும் எவரும், அதன் கோணங்கள் ராமச்சந்திரன் வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட பகுதிகளில் விழுகின்றனவா என்று காட்டியாக வேண்டும். உலகப் புரதத் தரவு வங்கியில் இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. அங்கு நடைபெறும் தரச் சோதனைகளில் இதுவும் ஒன்று. புரதத்தின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவால் கணித்தவர்களுக்கு 2024-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தக் கணிப்புகளின் தரத்தையும் இதே உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்கிறார்கள்.

கொலாஜன் சர்ச்சையில் யார் சொன்னது சரி? பிற்காலத்தில் கிடைத்த நுட்பமான படிக ஆய்வுகள், முச்சுருள் என்னும் சென்னையின் அடிப்படை வடிவத்தை உறுதி செய்தன. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு மும்மணிக்கு ஒன்றுதான் என்பதில் கேம்பிரிட்ஜ் தரப்பின் கூற்று நிலைத்தது. இரு தரப்புக்கும் பங்கு உண்டு. ஆனால், கொலாஜன் என்னும் ஒரு புரதத்தைப் பற்றி வந்த விமர்சனத்தை, எல்லாப் புரதங்களுக்கும் பொருந்தும் விதியாக மாற்றிய பெருமை சென்னைக்கு மட்டுமே உரியது.

வடிவத்தைக் காண்பது ஒன்று. இது எந்தப் புரதம், எந்த உயிரினுடையது என்று அடையாளம் காண்பது மற்றொன்று. அதற்குத்தான் நிறை நிறமாலைமானி தேவைப்பட்டது. ஆஸ்டன் காலத்திலிருந்தே அந்தக் கருவி இருந்தாலும், புரதத்துக்கு அது பயன்படவில்லை. எடை பார்க்க வேண்டுமானால் மூலக்கூறுக்கு மின்னேற்றம் கொடுத்து வெற்றிடத்தில் பறக்கவிட வேண்டும். பெரிய புரத மூலக்கூறோ ஆவியாவதற்கு முன்பே சிதைந்துவிடும். 1980-களில் இந்தத் தடை தகர்ந்தது. அமெரிக்காவில் ஜான் ஃபென் புரதக் கரைசலை மின்புலத்தில் நுண்துளிகளாகத் தெளித்து, துளி உலர்ந்ததும் மூலக்கூறு மட்டும் மின்னேற்றத்துடன் மிஞ்சும்படி செய்தார். ஜப்பானில் ஒரு கருவி நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கோயிச்சி தனகா, தகுந்த கலவையில் புரதத்தை வைத்து லேசர் ஒளியால் சிதையாமல் கிளப்பினார். இருவருக்கும் 2002-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது நடைமுறை இதுதான். டிரிப்சின் என்னும் நொதியைக் கொண்டு புரதத்தைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டித் துண்டுகளாக்குவார்கள். ஒவ்வொரு துண்டையும் கருவி எடை போடும். மாலையில் கோத்த நிலையில் கிளைசினின் எடை 57 அலகு, அலனின் 71, புரோலின் 97. ஆகவே, ஒரு மணி மாறினாலும் துண்டின் எடை மாறிவிடும். ஆட்டின் கொலாஜனும் செம்மறியின் கொலாஜனும் மிகச் சில இடங்களில்தான் வேறுபடும்; அந்த வேறுபாடே கைரேகை போல இரண்டையும் பிரித்துக் காட்டப் போதுமானது. கொலாஜனில் புரோலின் பல இடங்களில் ஓர் ஆக்சிஜன் அணுவைக் கூடுதலாகப் பெற்று ஹைட்ராக்சிபுரோலினாக மாறியிருக்கும். எடை 16 கூடி 113 ஆகும். கருவி தரும் எண்களை வரிசையாகப் படிக்கும் ஆய்வாளர், ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் 57 வருவதைக் கண்டதும் அது கொலாஜன் என்று அறிந்துகொள்கிறார். கிண்டியில் இருந்தபடி ராமச்சந்திரன் எந்த விதியைப் பிடித்துக்கொண்டு முச்சுருளை அடைந்தாரோ, அதே விதிதான் இன்று எலும்புத் துணுக்கின் அடையாளத்தைப் படிக்கவும் துணை நிற்கிறது.

ராமச்சந்திரனின் ஆற்றல் புரதத்தோடு நின்றுவிடவில்லை. பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உடலின் உட்புறப் படத்தை மீட்டெடுக்கும் கணித முறையை அவரும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் 1971-இல் வெளியிட்டனர். மருத்துவமனைகளில் இன்று நாம் சி.டி. ஸ்கேன் என்று சொல்லும் கருவிகளின் பட மீட்பில் அந்த முறை பரவலாகப் பயன்பட்டது. சி.டி. ஸ்கேனுக்கான நோபல் பரிசு 1979-இல் வேறு இருவருக்குச் சென்றது.

லட்சுமணசாமி முதலியார் 27 ஆண்டுகள் வகித்த துணைவேந்தர் பொறுப்பிலிருந்து 1969-இல் விலகினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ராமச்சந்திரனும் சென்னையை விட்டு நீங்கினார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். சிறிது காலம் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1961-இல் பட்நாகர் விருதும், 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதியும் அவரை வந்தடைந்தன. பிற்காலத்தில் அவருடைய மனம் கணிதத் தருக்கத்திலும் இந்தியத் தத்துவத்திலும் தோய்ந்தது. நடுக்குவாத நோய் அவரை வாட்டியது. 1998-இல் மனைவி ராஜலட்சுமி மறைந்தார். 1999-இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் அதன் உயரிய எவால்ட் பரிசை அவருக்கு அறிவித்தது. 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். புரதத்தை எடை போடும் கலைக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு.

பொருளியலில் பொதுப் பண்டம் என்று ஒரு கருத்து உண்டு. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாது. யாரையும் விலக்கவும் முடியாது. அத்தகைய பண்டத்தைச் சந்தை போதுமான அளவில் உற்பத்தி செய்யாது, அரசுதான் முதலிட வேண்டும் என்பது பாடம். ராமச்சந்திரன் வரைபடம் அதற்கு நல்ல சான்று. அதற்குக் காப்புரிமை இல்லை; எவரும் கட்டணம் செலுத்துவதில்லை; உலகம் முழுவதும் பயன்படுத்துகிறது. 1952-இல் ஒரு கணக்காயர் கிண்டி ஆய்வகத்தின் வரவு செலவைப் பார்த்து, இந்த எக்ஸ் கதிர்க் கருவியால் என்ன வருவாய் என்று கேட்டிருந்தால், எவராலும் விடை கூறியிருக்க முடியாது.

அன்று நமக்கு வாய்த்தவை எவை என்று எண்ணிப் பார்த்தால், எதுவும் கிடைத்தற்கரிய செல்வம் அன்று. வயதைப் பாராமல் திறனைப் பார்த்த ஒரு துணைவேந்தர். நடந்து செல்லும் தூரத்தில் கதவைத் திறந்து வைத்திருந்த ஓர் அண்டை ஆய்வு நிறுவனம். மேசைக் கணக்குப் பொறியோடு பொறுமையாக அமர்ந்த மாணவர்கள். விமர்சனத்தைப் பகையாகக் கொள்ளாத ஓர் ஆசிரியர். இவை அனைத்தும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒன்றுசேர்ந்தன.

இன்று மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடப்பதும், ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே நிதி தேட வேண்டிய நிலையும் அடிக்கடி செய்தியாகின்றன. காலியான இடங்களில் தொகுப்பூதியத்துக்கு அமர்த்தப்பட்டு, அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று அறியாத இளைஞரிடம் பத்தாண்டுகள் நீளும் ஆய்வை எதிர்பார்க்க முடியுமா? அன்றைய ராமச்சந்திரனின் வயதில் இருக்கும் இன்றைய முனைவர் பட்டதாரிகள் நிலையான பணிக்கு விண்ணப்பிக்கவே வாய்ப்பின்றிக் காத்திருக்கிறார்கள்.

நிறை நிறமாலைமானி விலை மிக்க கருவி. ஒவ்வொரு கல்லூரிக்கும் வாங்கித் தர இயலாது, தேவையும் இல்லை. மண்டலத்துக்கு ஒன்றாக வைத்து, பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ படிக்கும் மாணவரும் முன்பதிவு செய்து தம் மாதிரியைக் கொண்டுவந்து ஆராயும் வகையில் பொது ஆய்வகங்களை அமைக்கலாம். பட்டுக்கூட்டின் தரமும், பாலில் கலப்படமும், பயிர் நோயும் அங்கே ஆய்வுப் பொருளாகலாம். அண்டை நிறுவனத்திலிருந்து மாதிரியைப் பெற்று உலகப் புதிரை அவிழ்த்த கிண்டியின் அனுபவம் சொல்லும் பாடமும் இதுவே.

ராமச்சந்திரனின் பெயரில் விருதுகள் உண்டு. அவற்றைவிட அவருக்குப் பொருத்தமான நினைவுச் சின்னம், காலியாகக் கிடக்கும் பேராசிரியர் நாற்காலிகளில் தகுதி வாய்ந்த இளைஞர்களை அமர்த்துவதும், அவர்கள் எதை ஆராய வேண்டும் என்று அவர்களே முடிவு செய்ய விடுவதும்தான்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), பாலக்கோடு.